ரயர் கடைக்காரரிடம் அனுசரணை கேட்பது எப்படி

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ரயர் கடை வைத்திருக்கிறேன். கோயில் திருவிழா, உதைபந்தாட்டக் கழகம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று அனுசரணை கேட்டு ஆள் வராத மாதமில்லை. கொஞ்சக் காலமாகக் கார் ரேஸ் ஓடும் பிள்ளைகளும் வருகிறார்கள். சிலருக்குக் கொடுத்திருக்கிறேன், பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திரும்பிப் போனவர்களில் நல்ல ஓட்டக்காரர்களும் உண்டு. அவர்களுக்குக் கார் ஓடத் தெரியும், தங்களைப் பற்றி எடுத்துச் சொல்லத்தான் தெரியவில்லை. காசு கொடுக்கிற பக்கத்தில் இருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் கப் வென்றாலும் அதற்காக என் கடையில் ஒரு ரயர்கூடக் கூடுதலாக விற்காது. கதவில் என் கடைப் பெயரை எவ்வளவு பெரிதாக ஒட்டினாலும், அதைப் பார்ப்பவர்கள் அனுராதபுரத்துக்குப் பக்கத்தில் சாலியபுரவில் கஜபா சுப்பர்குரொஸ் ரேஸ் பார்க்க வந்தவர்கள், அல்லது களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்த ஓடுபாதையில் நிற்பவர்கள். ரயர் வாங்க அவர்கள் கிளிநொச்சிக்கு வரப்போவதில்லை. என் வாடிக்கையாளர்கள் தருமபுரத்திலும் அக்கராயனிலும் முழங்காவிலிலும் இருக்கிறார்கள். போட்டி நடக்கும் நேரம் வயலில் நிற்பார்கள். அதனால் "ஸ்டிக்கர் ஒட்டுறன் அண்ணை" என்ற பேச்சு என்னிடம் எடுபடாது. ஊரில் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். ரேஸ் நடப்பது வருடத்தில் சில நாட்கள்தான். மிச்ச நாளெல்லாம் கார் தார்ப்பாய் மூடிக் கராஜில் கிடக்கிறது. அந்த மிச்ச நாட்களுக்குத்தான் நான் காசு தருகிறேன்.

விசுவமடுப் பக்கத்துத் தம்பி ஒருவர் இதை யாரும் சொல்லாமலே விளங்கி வைத்திருந்தார். அவரிடம் இருந்தது பழைய மாருதி 800, மூன்று சிலிண்டர், 796 சிசி. பின்சீட்டைக் கழற்றிவிட்டு கார் புரண்டாலும் ஆள் நசுங்காதபடி உள்ளே இரும்புக் குழாயில் பாதுகாப்புக் கூடு அடித்திருந்தார். என்னிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை கடை வாசலில் காரை நிறுத்தினார். யார் படம் எடுத்தாலும் கடைப் பெயர்ப்பலகை பின்னால் விழும்படி பார்த்து நிறுத்தினார். பக்கத்தில் ஒரு மேசை போட்டு இரண்டு ரயர் வைத்தார். ஒன்று புதிது, மற்றது கிரவல் பாதையில் ஓடிக் கழித்தது. கழித்த ரயரின் வெளி ஓரம் தேங்காய் துருவியதுபோலத் தேய்ந்திருந்தது, நடுப்பகுதி இன்னும் புதுசாக இருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார்கள். தம்பி ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். காற்றுக் குறைவாக வைத்துக்கொண்டு வேகமாக வளைத்தால் பாரம் முழுக்க வெளி ஓரத்துக்குப் போகும், அங்கேதான் தேயும். ஓட்டோக்காரர் ஒருவர் உடனே போய்த் தன்னுடைய முன்ரயரைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் பேச்சு காற்று அளப்பதற்குத் திரும்பியது. வெயிலில் ஓடி வந்த கையோடு அளக்கக் கூடாது, ரயரின் சூடு 10 பாகை செல்சியஸ் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடிக் காட்டும், காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும் என்றார். நானும் இதைத்தான் காலம் காலமாகச் சொல்லி வருகிறேன். ரேஸ் ஓடுகிற பிள்ளை சொன்னபோதுதான் ஆட்களின் காதில் ஏறியது. அன்று மத்தியானம் "உமக்கு என்ன தேவை?" என்று நான்தான் கேட்டேன்.

இதை வேறு கடைகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். எண்ணெய் முகவரிடம் போவதென்றால், ஒரு ரேஸ் ஓடி முடித்த எஞ்சின் ஓயிலைப் போத்தலில் எடுத்துப் புது ஓயிலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பள்ளிக்கூடம் என்றால் அதிபரிடம் அனுமதி எடுத்து, ஹெல்மெட்டையும் சீற் பெல்ட்டையும் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள்.

சரி, கடிதம். ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், எந்த ஊர், எந்தப் பிரிவில் ஓடுகிறீர்கள், இந்த வருடம் எந்தெந்தப் போட்டிக்குப் போகிறீர்கள். அதன் கீழே செலவைப் பிரித்து எழுதுங்கள்: நுழைவுக் கட்டணம், ரயர், பெட்ரோல், காரை ஏற்றி இறக்கும் கூலி. அதில் என்னிடம் கேட்பது எது என்பதற்குக் கீழே கோடு போடுங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதிவிட்டு "இயன்றதைத் தாருங்கள்" என்று முடிக்கும் கடிதத்துக்கு நான் திருவிழாவுக்குக் கொடுப்பதைத்தான் கொடுப்பேன்.

காசாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேளுங்கள். நான் இரண்டு ரயர் தருவது எனக்குச் சுலபம், அதே பெறுமதிக்குக் காசு எடுத்துத் தருவது கஷ்டம். நெல் ஆலைக்காரரின் லொறி அரிசி ஏற்றிக்கொண்டு தெற்கே போகும். போட்டிக்கு முதல்நாள் உங்கள் காரையும் ஏற்றிக்கொண்டு போகுமா என்று கேட்கலாம். பெயின்ற் கடைக்காரர் பெயின்ற் தருவார், காசு தரமாட்டார்.

கடிதத்தில் பாதுகாப்புக்கென்று தனியாக நாலு வரி இருக்கவேண்டும். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் ரேஸில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் நடுவே பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். ஒரு சிறு பிள்ளையும் அதில் அடக்கம். அந்தச் செய்தியை வன்னியிலும் எல்லோரும் பார்த்தார்கள். அனுசரணை என்றால் இப்போது எந்த வீட்டிலும் முதல் கேள்வி அதுதான், என் மனைவியும் அதைத்தான் கேட்டா. என்ன ஹெல்மெட், தீப்பிடிக்காத உடுப்பு உண்டா, பாதுகாப்புக் கூட்டை யார் வெல்டிங் செய்தார், காப்புறுதி இருக்கிறதா, போட்டி அனுமதிப்பத்திரம் எடுத்தாயிற்றா என்பதை நாங்கள் கேட்க முதலே எழுதிவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏ9 வீதியில் வேகமுள்ளைக் காட்டிக் காணொளி போடாதீர்கள். முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இரவில் மாடு படுத்திருக்கிற வீதி அது. பிள்ளைகள் சைக்கிளில் போகிற வீதி. அப்படி ஒரு காணொளி கண்ணில் பட்டால் நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு வால்வு மூடிகூடக் கொடுக்கமாட்டேன். நண்பர் எடுத்துப் போட்டது என்றாலும் சரி, அழிக்கச் சொல்லுங்கள்.

போடவேண்டிய காணொளிக்குப் பஞ்சமில்லை. கியர்பெட்டி கழற்றுவது, பிரேக் பாட் மாற்றுவது, மெக்கானிக் அண்ணை திட்டுவது, அம்மா வாசலில் நின்று வழியனுப்புவது எல்லாம் சனம் பார்க்கும். ஒரு நிமிடம் போதும், தமிழில் பேசுங்கள். காரைப் பற்றித் தமிழில் விளங்கப்படுத்துகிற ஆட்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. பெண்பிள்ளைகள் யாராவது ஓடத் தொடங்கினால் கட்டாயம் இதைச் செய்யுங்கள், உங்களைப் பார்த்துத்தான் அடுத்தவள் வருவாள்.

போட்டி நடக்கும் இடத்தில் அறிவிப்புப் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். உங்கள் பெயர், ஊர், கார், அனுசரணையாளர் நாலையும் சிங்களத்தில் ஒரு துண்டில் எழுதிக் காலையிலேயே அறிவிப்பாளர் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் கார் இலக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஊர்ச் செய்தியாளருக்கும் அப்படித்தான். ஒரு தெளிவான படம், ஆறு வரி, படித்த பள்ளிக்கூடத்தின் பெயர். பள்ளிக்கூடத்தின் பெயரை விட்டுவிடாதீர்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பழைய மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் செய்தியைப் பகிர்வார்கள், அடுத்த வருடத்துக் காசு அங்கிருந்தும் வரலாம்.

போட்டி முடிந்ததும் அனேகர் காணாமல் போகிறார்கள், விசேடமாகத் தோற்றால். எஞ்சின் சூடாகி இரண்டாவது சுற்றிலேயே நின்றுவிட்டது என்றால் அதை அப்படியே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்தக் கிழமைக்குள் நேரில் வந்து, தந்த ரயர் என்ன ஆனது என்று காட்டுங்கள். தோற்ற கதையோடு வந்த பிள்ளைக்கு நான் திரும்பக் கொடுத்திருக்கிறேன். வென்றுவிட்டு வராத பிள்ளைக்குக் கொடுத்ததில்லை.

இந்தப் படங்கள், செய்தித் துண்டுகள், நன்றிக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கொழும்புக் கம்பனிக்குப் போகும்போது அதுதான் உங்கள் சான்றிதழ். பெரிய இடத்திலும் கதை இதேதான். கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் இந்தியாவின் முதலாவது போர்முலா வன் ஓட்டுநராக ஓடியபோது டாடா நிறுவனம் அவருக்குப் பின்னால் நின்றது. திறமை இருந்தும் அனுசரணை தேவைப்பட்ட இடம் அது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் நடிகர் அஜித்குமாரின் அணி போர்ஷே 991 கார்களுக்கான பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, என் கடையில் ரயர் மாற்றக் காத்திருக்கும் பொடியன்களும் ரேஸ் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு நடக்கும்போது உங்கள் பெயரும் அவர்கள் வாயில் வரவேண்டும்.

கேட்கும் காலமும் முக்கியம். பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனியில் வாருங்கள். சித்திரையில் நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டிக்குப் போகிறவர்களுக்கும் அது கணக்காக இருக்கும். கடை திறந்த கையோடு வராதீர்கள், முதல் வியாபாரம் ஆகமுதல் எந்த முதலாளியும் காசு எடுக்கமாட்டார். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு, வேலை குறைந்த நேரம் பார்த்துக் கடிதத்தோடு வாங்கோ, தேய்ந்த ரயர் ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு.