ஓர் ஊரின் மறுபக்கத்தைப் பார்ப்பது எப்படி: வரைபடம் முதல் நோட்டுப் புத்தகம் வரை

'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' பட்டியலோடு போனால் அந்தப் பத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஊர் பிடிபடாது. அதற்கு மாற்றாக 'யாருக்கும் தெரியாத இடம்' எங்கே என்று பலர் தேடுகிறார்கள். மனிதர் வாழும் ஊரில் அப்படி ஒரு இடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அங்கே குடியிருப்பவர்களுக்கு எல்லாமே தெரியும். பயணிக்கு மட்டும் தெரியாமல் போவது ஏன் என்றால், எல்லோரும் போகும் நேரத்தில் போகிறோம், வண்டியை விட்டு இறங்குவதில்லை, ஆட்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. இந்த மூன்றையும் சரிசெய்தால் போதும்.

கிளம்பும் முன்: வரைபடத்தோடு ஒரு மாலை

முதலில் இடத்தைச் சுருக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும். சின்னதாகத் தோன்றும், ஆனால் சாதாரணமாக மணிக்கு 4, 5 கி.மீ. நடப்பவர்கூட நின்று, பார்த்து, பேசி, வந்த வழியே திரும்பி நடக்கும்போது மணிக்கு 2 கி.மீ. தாண்டுவது கஷ்டம். மலைப்பாதைக்கு ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அது பழகிய கால்கள் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறவர் அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வரைபடம் இரண்டு வேண்டும். திறக்கும் நேரம், பஸ் விவரத்துக்கு கூகுள் மேப்ஸ். நடப்பதற்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப். தன்னார்வலர்கள் வரையும் இந்த வரைபடத்தில் ஒற்றையடிப் பாதை, படிக்கட்டு, குடிநீர்க் குழாய், உட்காரும் பெஞ்ச் வரை குறித்திருப்பார்கள். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் ஆகிய செயலிகளில் அதை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் வேலை செய்யும். போனை ஏர்பிளேன் மோடில் போட்டாலும் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் இயங்கும். பேட்டரி நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்க இதுவே எளிய வழி.

அடுத்து, பெயர்களை மறந்துவிட்டுத் தெருக்களின் வடிவத்தை மட்டும் பாருங்கள். ஊரின் பழைய கதை அங்கேதான் கிடக்கிறது. ரோமில் பியாட்சா நவோனா என்ற சதுக்கம் நீண்டு, ஒரு முனையில் மட்டும் வளைந்திருக்கும். முதலாம் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய அரங்கின் மேல் சதுக்கத்தைச் சுற்றியுள்ள வீடுகள் எழுந்ததுதான் காரணம். இத்தாலியின் லூக்கா நகரில் ஒரு சதுக்கம் முட்டை வடிவில் இருக்கிறது. அதன் அடியில் இருப்பது ரோமானிய வட்டரங்கம். வியன்னாவைச் சுற்றி வரும் அகலமான சாலை, இடித்துத் தள்ளிய கோட்டை மதிலின் தடம். நேரான தெருக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் காரணமில்லாமல் நெளிந்து போனால், மூடப்பட்ட ஓடையோ பழைய எல்லையோ அங்கே இருந்திருக்க வாய்ப்புண்டு. லண்டனில் ஃபாரிங்டன் சாலைப் பக்கம் ஃப்ளீட் ஆறு இன்றும் தரைக்கு அடியில் ஓடுகிறது. ரே தெருவில் சாலையோரம் உள்ள ஒரு இரும்புக் கம்பி மூடிக்கு மேல் குனிந்து நின்றால், கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். கட்டணம் இல்லை, வரிசை இல்லை. பக்கத்தில் நடப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்படி நாலைந்து கேள்விக்குறிகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டதும், அதே பகுதியின் பழைய வரைபடம் ஒன்றைத் தேடுங்கள். டேவிட் ரம்சி என்ற வரைபடச் சேகரிப்பாளரின் தொகுப்பில் உலகெங்கிலும் உள்ள ஊர்களின் பழைய வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழையதில் இருந்து புதியதில் காணாமல் போனவை எவை என்று பார்த்தால் போதும்: ஒரு குளம், ஒரு வாசல், ஒரு படித்துறை. அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்ப்பதே ஒரு நாள் வேலை.

நேரம்

ஒரு புகழ்பெற்ற இடத்தின் மறுபக்கம் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கிறது, வேறொரு நேரத்தில். திறந்த முதல் அரை மணியும் மூடுவதற்கு முந்தைய ஒரு மணியும் மற்ற நேரங்களைவிட ஆளில்லாதவை. கவனிக்க வேண்டியது, பல இடங்களில் மூடுவதற்கு முப்பது முதல் அறுபது நிமிடம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். வாசல் பலகையில் 'கடைசி அனுமதி' என்ன நேரம் என்று தனியாகப் பாருங்கள். மூடும் நேரத்தை மட்டும் நம்பிப் போய் ஏமாறுபவர்கள் நிறைய.

திசையும் இதில் சேரும். கம்போடியாவின் அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். சூரிய உதயத்துக்கு எல்லோரும் மேற்குப் பக்கக் குளக்கரையில் நெருக்கியடித்து நிற்பார்கள், கோபுரங்களின் நிழலுருவம் தண்ணீரில் தெரிவதற்காக. அதே வேளையில் கிழக்கு வழியில் கூட்டம் குறைவு. முதல் வெயில் கல்லின் மேல் விழுவது அந்தப் பக்கம்தான். எந்தச் சின்னத்துக்குப் போனாலும் முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் முழுதாக ஒரு சுற்று வாருங்கள். பின்புறத்தில்தான் பழுதுபார்த்த தடம், பழைய கல்லும் புதிய கல்லும் சேரும் இடம், வேலையாட்கள் நுழையும் கதவு எல்லாம் தெரியும்.

நடக்கும் முறை

ஏதாவது ஒரு பஸ்ஸிலோ டிராமிலோ கடைசி ஸ்டாப் வரை போய், அங்கிருந்து மையத்தை நோக்கி நடந்து வாருங்கள். இறங்கியவுடன் செய்ய வேண்டியது, திரும்பிப் போகும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்வது. வெளியிலிருந்து உள்ளே வரும்போது ஊர் எந்த வரிசையில் வளர்ந்ததோ அதைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டே வருவீர்கள்: புதுக் குடியிருப்பு, பட்டறைகள், ரயில் பாதை, பிறகு பழைய தெருக்கள்.

பழைய பகுதிக்குள் வந்ததும் பிரியும் இடங்களில் குறுகலான வழியை எடுங்கள். வெனிஸில் இது அப்பட்டமாகத் தெரியும். ரியால்டோ பாலத்துக்கும் சான் மார்கோ சதுக்கத்துக்கும் வழிகாட்டும் மஞ்சள் பலகைகளைப் பின்பற்றுகிற வரை தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். பலகை காட்டாத சந்தில் இரண்டு திருப்பம் திரும்பினால் உலர்த்திய துணிகளும் அடைத்த ஜன்னல்களும்தான். முட்டுச்சந்தில் போய் நின்றாலும் நஷ்டமில்லை, திரும்பி வரும்போது அதே தெரு எதிர்ப்பக்கத்திலிருந்து தெரியும். தலையை நிமிர்த்திப் பாருங்கள். கட்டடங்களின் தரைத்தளம் கடை மாறும்போதெல்லாம் மாறிவிடும். மேல்தளங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. கட்டிய ஆண்டு, அழிந்த விளம்பர எழுத்து, அடைத்துப் பூசிய ஜன்னல் எல்லாம் அங்கேதான்.

நடையைவிட முக்கியம் உட்காருவது. ஒரு சதுக்கத்திலோ கரையிலோ இருபது நிமிடம் போனை எடுக்காமல் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் கண்ணில் படுவது கட்டடம். அதற்குப் பிறகுதான் யார் யாரோடு பேசுகிறார்கள், எந்தக் கதவு அடிக்கடி திறக்கிறது, குழந்தைகள் எந்த வழியாக வருகிறார்கள் என்பது புலப்படும். அந்தக் குழந்தைகள் வந்த வழிதான் அடுத்து நீங்கள் போக வேண்டிய வழி.

கேட்கும் விதம்

'இங்கே என்ன பார்க்கலாம்?' என்று கேட்டால் யாரும் பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள். தங்கள் அன்றாடத்தில் வெளியூர்க்காரருக்கு என்ன ஆர்வம் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றாது. கேள்வியைக் குறுக்குங்கள்: 'வேலை முடிஞ்சு நீங்க எங்கே போய் உட்காருவீங்க?', 'சின்ன வயசுல எங்கே விளையாடினீங்க?', 'இந்தத் தெருவுல ரொம்ப நாளா மாறாம இருக்கிறது எது?' இவற்றுக்குப் பட்டியல் பதில் கிடையாது.

ஆளும் முக்கியம். நூலகர், தையல்காரர், பழைய புத்தகம் விற்பவர், நிழலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் போல ஒரே இடத்தில் நெடுநாள் இருப்பவர்களைக் கேளுங்கள். தானாக வந்து 'கூட்டிப் போகிறேன்' என்பவருக்குக் கடைகளில் கமிஷன் இருக்கலாம். ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேட்டு, இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொன்னால் புறப்படுங்கள்.

வழி கேட்பதில் எல்லோரும் செய்யும் தவறு, கையை நீட்டி 'இந்தப் பக்கம்தானே?' என்பது. மரியாதைக்காகவே பலர் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். கையைக் கீழே வைத்துக்கொண்டு 'எந்தப் பக்கம்?' என்று கேளுங்கள். மொழி தெரியாத ஊரில் கேள்வியை அந்த மொழியில் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் காட்டலாம். போன் திரையைவிடத் தாளை வயதானவர்கள் பொறுமையாகப் படிப்பார்கள்.

பேச்சு கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இஸ்தான்புல் சாட்சி. அங்கே 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் கட்டிய நிலத்தடி நீர்த்தேக்கம், 336 தூண்களோடு, வீடுகளுக்கு அடியில் மறைந்துபோய்க் கிடந்தது. 16ஆம் நூற்றாண்டில் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) சின்னங்களைத் தேடி வந்த பிரெஞ்சு அறிஞர் பெத்ருஸ் கில்லியுஸுக்கு வழிகாட்டியது அந்த வட்டாரத்து மக்களின் வழக்கம்: வீட்டுக்குள்ளிருந்தே வாளியை இறக்கித் தண்ணீர் எடுத்தார்கள், மீன்கூடப் பிடித்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது வெறும் கிணறு.

குறிப்பு எடுத்தல்

இடத்தை விட்டு நகரும் முன் மூன்று வரி போதும்: நேரம், கண்ணுக்குத் தெரியாத ஒன்று (வாசனையோ சத்தமோ), யாராவது சொன்ன ஒரு வாக்கியம் அப்படியே அவர் சொற்களில். 'அழகாக இருந்தது' என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது. 'மதியம் 3.10, கதவுக் கீல் எண்ணெய் இல்லாமல் கிறீச்சிட்டது' என்றால் மொத்தக் காட்சியும் திரும்பி வரும். அன்று இரவே விரித்து எழுதிவிட வேண்டும். மறுநாள் புது ஊர் பழையதன் மேல் படிந்துவிடும். துல்லியமான இடம் தேவையானால் அட்சரேகை, தீர்க்கரேகையை ஐந்து தசம இலக்கம் வரை குறியுங்கள்; அதன் நுணுக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்.

எங்கே தவறும்

வரைபடத்தில் பாதை இருப்பதாலேயே நடக்க உரிமை உண்டென்று அர்த்தமில்லை. தனியார் நிலமாக இருக்கலாம், போன மழையில் இடிந்திருக்கலாம். சாட்டிலைட் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, நேரில் சங்கிலியோ பலகையோ இருந்தால் திரும்பிவிடுங்கள். கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் தனியாக நுழையாதீர்கள்; மேல்தளப் பலகை வெளியே உறுதியாகத் தெரிந்து உள்ளே உளுத்திருக்கும்.

கடலோரத்தில் ஓதம்தான், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதுதான், எமன். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை ஒவ்வொரு ஓதத்திலும் நீருக்குள் போய்விடும்; அட்டவணையைப் பார்க்காமல் காரோடு சிக்கிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. அட்டவணையின் நேரம் எந்த இடத்துக்கானது, கோடைக்கால நேர மாற்றம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

கடைசியாக, எழுதிப் பகிரும்போது. தாய்லாந்தின் மாயா பே கூட்டம் தாங்காமல் பவளப்பாறைகள் சிதைந்ததால் 2018 ஜூனில் மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. சிறிய, காவலில்லாத இடம் என்றால் பகுதியின் பெயரை மட்டும் சொல்லுங்கள், புள்ளியைக் குறிக்க வேண்டாம். போன் எடுக்கும் படத்துக்குள் இடத்தின் ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை) தானாகவே பதிவாகலாம். கேமரா அமைப்பில் 'லொகேஷன்' என்பதைப் புறப்படும் முன்பே அணைத்துவிடுங்கள், ஏற்கெனவே எடுத்த படங்களைப் பகிரும்போது இடவிவரத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.