தோணிக்கு மட்டும் நிறம்: கிம்ப்பில் ஒரு செய்முறை

மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்தடியில் வாவியில் கட்டிக் கிடக்கிறது ஒரு சிவப்புத் தோணி. அது மட்டும் நிறமாக, மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளையாக வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் படத்திருத்த மென்பொருளான கிம்ப் 2.10 இதற்குத் தாராளமாகப் போதும். படம் மட்டும் நிறப்படமாக எடுத்ததாக இருக்கவேண்டும். மொனோ மோடில், அதாவது கறுப்பு வெள்ளையாக, எடுத்த படத்தில் திரும்பக் கொண்டுவர நிறமே இருக்காது.

படத்தைத் திறந்து, லேயர் மெனுவில் டூப்ளிகேட் லேயர் கொடுங்கள்; அதே படம் இன்னொரு லேயராக, அதாவது அடுக்காக, மேலே வந்து நிற்கும். மேல் லேயரைத் தெரிவுசெய்து, கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் (நிறம் நீக்கல்), அதற்குள்ளும் டீசாச்சுரேட், மோட் லூமினன்ஸ். இமேஜ் மெனுவிலுள்ள கிரேஸ்கேல் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். அது கீழ் லேயரின் நிறத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். பிறகு எத்தனை தரம் பூசினாலும் தோணி சாம்பலாகத்தான் இருக்கும்.

இனி மேல் லேயரில் ரைட் கிளிக் செய்து, ஆட் லேயர் மாஸ்க், வைட். மாஸ்க்கில் வெள்ளை உள்ள இடத்தில் மேல் லேயர் தெரியும். கறுப்புப் பூசிய இடத்தில் அது மறைந்து கீழேயுள்ள நிறம் வெளியே வரும். பிழைத்துப்போனால் வெள்ளையைப் பூசுங்கள், பழையபடி ஆகிவிடும். அழிறப்பரால் மேல் லேயரை அழித்தும் இதைச் செய்யலாம்தான். ஆனால் பிழைத்த இடத்தைத் திருத்துவது மாஸ்க்கில்போல் இலகுவாக இருக்காது.

முன்நிறம் கறுப்பு, பிரஷ் ஹார்ட்னஸ் (விளிம்பின் கடினம்) 075. முதலில் பெரிய பிரஷால் தோணியின் நடுப்பகுதியைப் பூசுங்கள். விளிம்புக்கு வந்ததும் 200 வீதம் பெருப்பித்து, பிரஷை 10 பிக்சலுக்குக் குறையுங்கள். சதுர அடைப்புக்குறி விசைகள் அளவை மாற்றும், எக்ஸ் விசை கறுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றும். படத்தின்மேல் கறுப்புத் தீற்றல் விழுகிறதா? மாஸ்க்குக்குப் பதில் படம் தெரிவாகியிருக்கிறது. கன்ட்ரோல் இசட் அழுத்தி, மாஸ்க்கின் சிறுபடத்தில் கிளிக் செய்துவிட்டுத் தொடருங்கள்.

பலர் கோட்டைவிடுவது தண்ணீரில். தோணி சிவப்பாக நிற்க, நீரில் தெரியும் அதன் பிம்பம் சாம்பலாக இருந்தால், கத்தரித்து ஒட்டியதுபோல் அந்தரத்தில் தொங்கும். வாவி நீர் காலையில் அசையாமல் கிடக்கும்போது எடுத்த படமென்றால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். பிரஷ் ஒப்பாசிட்டியை (பூச்சின் அடர்த்தியை) 50க்குக் குறைத்து, ஹார்ட்னஸ் 025 எடுத்து, மவுஸை விடாமல் ஒரே இழுப்பில் பிம்பத்தைப் பூசுங்கள். விட்டுவிட்டுப் பூசினால் மேலே மேலே விழுந்த இடங்கள் திட்டுத்திட்டாகும். அணியத்தை (தோணியின் முன்பக்கத்தை) ஒட்டிய சிற்றலைகளிலும் கொஞ்சம் சிவப்பு ஏறியிருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

முடிந்ததும் ஆல்ட் விசையோடு மாஸ்க்கின் சிறுபடத்தைக் கிளிக் செய்யுங்கள். திரையில் மாஸ்க் மட்டும் வரும். தோணியின் கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், அவை நீங்கள் பூசத் தவறிய இடங்கள். அவற்றை மூடிவிட்டு, முதலில் கிம்பின் சொந்தக் கோப்பு வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமியுங்கள்; லேயரும் மாஸ்க்கும் அதில்தான் தங்கும். பேஸ்புக்கில் போட ஜேபெக் பிரதியை, தரம் 90 வைத்து, தனியாக எக்ஸ்போர்ட் செய்யலாம்.