திரைக்காட்சியிலிருந்து 100 பிக்சல் ஐகான்: கிம்பில் நிறமேற்றும் முறை

லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தின் காலத்திலிருந்து ரசிகர் ஐகான்களுக்கு (படம், தொடர் காட்சிகளிலிருந்து ரசிகர்கள் செய்யும் சிறு சுயவிவரப் படங்களுக்கு) பழகிப்போன அளவு 100 × 100 பிக்சல். கோப்பு 40 கேபிக்குள் அடங்க வேண்டும். இத்தனை சிறிய கட்டத்தில் முகபாவத்துக்கும் முன்னால் கண்ணில் படுவது வெளிச்சமும் நிறமும்தான். இருட்டான ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, இலவசப் படத்தொகுப்பு மென்பொருளான கிம்ப் 2.10-இல் செய்வோம்.

1. கிராப் கருவியில் விகிதத்தை 1:1 என்று பூட்டிவிட்டு முகத்தை நெருக்கமாக வெட்டுங்கள். வெட்டிய பகுதி 100 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள், பெரிதாக்கினால் கலங்கிவிடும். பிறகு இமேஜ் → ஸ்கேல் இமேஜில் 100. சுருக்கியதும் படம் சற்று மழுங்கும். ஷார்ப்பன் (அன்ஷார்ப் மாஸ்க்) வடிகட்டியில் ரேடியஸ் 0.5, அமவுன்ட் 0.3 போதும். கூட்டினால் தலைமுடி ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும்.

ஜிஃப் கோப்பைத் திறந்திருந்தால் முதலில் இமேஜ் → மோடு → ஆர்ஜிபி.

2. லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து (கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி) அதன் மோடை, அதாவது கீழ் லேயரோடு கலக்கும் முறையை, படத்தை வெளிச்சமாக்கும் ஸ்கிரீன் ஆக்குங்கள், ஒபாசிட்டி (ஒளிபுகாத் தன்மை) 60. முழு ஒபாசிட்டியில், 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற கணக்கில் 128 அளவுள்ள சாம்பல் 192 ஆகிவிடும், அதனால்தான் குறைக்கிறோம். நெற்றி வெளுத்துப்போனால் அந்த லேயருக்கு வெள்ளை மாஸ்க் (கறுப்பு தடவிய இடத்தில் லேயரை மறைக்கும் திரை) சேர்த்து, மென்மையான கறுப்புத் தூரிகையால் அந்த இடத்தை மட்டும் தடவுங்கள். அழிப்பானைத் தொடாதீர்கள், அழித்ததைப் பிறகு திருத்த முடியாது, மாஸ்க்கைத் திருத்தலாம்.

3. ஐகானின் நிறம் பிறப்பது இங்கேதான். புதிய லேயரில் கருநீலம் நிரப்புங்கள்: சிவப்பு 15, பச்சை 26, நீலம் 60. மோடு எக்ஸ்க்ளூஷன். இப்போது கறுப்பு இருந்த இடத்தில் அதே கருநீலம் வரும். வெள்ளை 240, 229, 195 ஆகி வெண்ணெய் மஞ்சளாகும். ஒரே லேயர் நிழலைக் குளிர்வித்து வெளிச்சத்துக்குச் சூடு ஏற்றிவிடுகிறது. நீலத்தின் எண்ணைக் கூட்டினால் மஞ்சளும் கூடும். 90-ஐத் தாண்டினால் பற்களும் கண்வெள்ளையும் மஞ்சள் பூத்துவிடும், நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. எக்ஸ்க்ளூஷன் படத்தைச் சாம்பல் பூசினாற்போல் மங்க வைக்கும். அடி லேயரின் இன்னொரு நகலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து சாஃப்ட் லைட், ஒபாசிட்டி 50 கொடுங்கள். கண்ணிமையும் புருவமும் மீண்டும் அழுத்தம் பெறும்.

5. இந்தக் கட்டத்தில் தோல் பெரும்பாலும் சிவந்து தெரியும். லேயர் → நியூ ஃப்ரம் விசிபிள் எடுத்து, கலர்ஸ் → ஹியூ-சாச்சுரேஷனில் சிவப்பை மட்டும் தேர்ந்து சாச்சுரேஷனை (நிறச் செறிவை) −15 ஆக்குங்கள். முழுப் படத்தின் சாச்சுரேஷனையும் குறைத்தால் மூன்றாம் படியில் வந்த நீலமும் போய்விடும். உதடு வெளிறினால் அங்கே மாஸ்க்.

எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே நிறத்தை முடிவு செய்யாதீர்கள். விசைப்பலகையில் 1-ஐ அழுத்தி, உண்மை அளவில் பாருங்கள்.

6. இமேஜ் → ஃப்ளாட்டன் செய்து (எல்லா லேயரும் ஒன்றாகிவிடும்) பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள். 100 × 100 படத்தின் நிறத்தகவல் சுருக்காமலே 30,000 பைட்டுதான். 40 கேபியைத் தாண்டுகிறதென்றால் எக்ஸிஃப் (படம் பற்றிய கூடுதல் விவரங்கள்), சிறுபடம், நிறச் சுயவிவரம் போன்றவை உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், ஏற்றுமதிப் பெட்டியில் அவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். ஜேபெக்தான் வேண்டுமென்றால் சப்சாம்பிளிங்கை (நிறத்தகவலைக் குறைத்துச் சேமிக்கும் அமைப்பை) 4:4:4 ஆக்குங்கள். இல்லாவிட்டால் சிவப்பு உடையின் ஓரம் பக்கத்து நிறத்தில் கசியும்.

ஃப்ளாட்டன் செய்யும் முன், லேயர்களைத் தனித்தனியே வைத்திருக்கும் கிம்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பாகவும் சேமித்து வையுங்கள். அதே தொடரின் அடுத்த காட்சிக்கு எக்ஸ்க்ளூஷன் லேயரை அப்படியே இழுத்துப் போடலாம். ஸ்கிரீன் ஒபாசிட்டியை மட்டும் ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக வைக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுத்த காட்சிக்கு ஸ்கிரீன் லேயரே தேவைப்படாது.