சேவை என்ற சொல்லுக்குப் பயந்து: தொண்டு நிறுவன வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“உன் சம்பளம் முக்கியமா, அந்தப் பிள்ளைங்க முக்கியமா?”

தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களில் பலர் இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவில் எதிர்கொண்டிருப்பார்கள். இரண்டு மாதச் சம்பளம் நிற்கும்போது வரும். ஞாயிற்றுக்கிழமையும் ஃபீல்டுக்குப் போகச் சொல்லும்போது வரும். எல்லோர் முன்னாலும் திட்டியதைப் பற்றித் தனியாகப் பேசப் போனாலும் இதுதான் வரும். நாம் வாயடைத்துப் போகிறோம், ஏனென்றால் பிள்ளைகள் உண்மையிலேயே முக்கியம். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. பிள்ளைகளின் நலனையும் இயக்குநரின் விருப்பத்தையும் ஒன்றென்று எடுத்துக்கொள்கிறோம். அவருடைய கோபத்தைத் தாங்கிக்கொள்வதால் எந்தக் குழந்தைக்கும் ஒரு வேளைச் சோறு கூடக் கிடைப்பதில்லை. மாறாக, அனுபவமுள்ள பணியாளர்கள் ஆறு மாதத்துக்கு ஒருவராக ஓடிப்போக, பிள்ளைகள்தான் ஒவ்வொரு முறையும் புது முகத்திடம் தங்கள் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இது சின்ன டிரஸ்டுகளின் கோளாறு மட்டுமல்ல. மனித உரிமைக்காக உலகமெங்கும் குரல் கொடுக்கும் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலில் வேலை பார்த்த இருவர் 2018-இல் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதையடுத்து அந்த அமைப்பே வெளியாட்களை வைத்து நடத்திய ஆய்வு 2019 பிப்ரவரியில் வெளியானது. அவமதிப்பும் மிரட்டலும் அங்கே சாதாரணமாகிவிட்டதை அது பதிவு செய்தது. உடம்பையும் மனதையும் பலி கொடுத்து வேலை செய்தால்தான் அங்கே நிலைக்க முடியும் என்ற தியாக மனப்பான்மை ஊறியிருப்பதையும் சொன்னது. பதிலளித்த பணியாளர்களில் 39 விழுக்காட்டினர், அந்த வேலையாலேயே உடல்நலமோ மனநலமோ கெட்டதாகக் கூறியிருந்தார்கள். நோக்கம் உயர்ந்ததாக இருந்தால் அலுவலகமும் நல்லதாக இருக்கும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்த தவறு கையெழுத்து. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாக நினைக்கிறேன். வவுச்சரில் 18,000 என்றிருக்கும், கைக்கு 12,000 வரும், மீதி ‘நிறுவனத்துக்கு நன்கொடை’. அல்லது முழுச் சம்பளமும் வங்கியில் ஏறும், மறுநாள் ஒரு பகுதியைப் பணமாக எடுத்துக் கொடுக்க வேண்டும். பயிற்சிக்கு வந்தவர்கள் இருபத்தைந்து பேர், வருகைப் பதிவில் நாற்பது கையெழுத்து. மிச்சத்தை நீங்களே போடுங்கள் என்பார்கள். இப்படி நடப்பதற்குக் காரணமும் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவின் உச்ச வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20-ஆகக் குறைத்தது. நிதி தருகிறவர்கள் பலரும் பயிற்சிக்குப் பணம் தருவார்கள், வாடகைக்கும் கணக்காளருக்கும் தரமாட்டார்கள். அந்த ஓட்டையைக் களப்பணியாளரின் சம்பளத்தை வைத்து அடைக்கிறார்கள். காரணம் புரிகிறது. ஆனால் தணிக்கையில் மாட்டும்போது தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து.

கைக்கு வந்த தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். தொகையையும் தேதியையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். நன்கொடைதான் என்று வற்புறுத்தினால், டிரஸ்டின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டு ரசீது கேளுங்கள். உண்மையான நன்கொடை என்றால் ரசீது தருவதில் அவர்களுக்கு என்ன தயக்கம்? அந்தக் கேள்வி ஒன்றே பல இடங்களில் பேச்சை முடித்துவிடும்.

வேலையில் சேரும்போது நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். அசலைப் பிடித்து வைப்பது உங்களைப் போகவிடாமல் தடுப்பதற்குத்தான். பணி ஆணையில் ‘தன்னார்வலர்’, ‘மதிப்பூதியம்’ என்றிருந்தால் ஏன் என்று கேளுங்கள். முழுநேர ஊழியரை அப்படி எழுதுவது பெரும்பாலும் பி.எஃப். கட்டாமல் தப்பிக்கத்தான். பி.எஃப். பிடிக்கிறோம் என்றால் பாஸ்புக்கில் பணம் ஏறுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

‘ஏதாவது நடந்தால் லேபர் கோர்ட் இருக்கிறது’ என்று நம்பிக்கொண்டிருப்பதும் இப்போது தவறு. 1978-இல் உச்ச நீதிமன்றம், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், தொழில் தகராறுச் சட்டம் பொருந்தும் ‘தொழில்’ என்பதற்கு மிக விரிந்த பொருள் கொடுத்தது. தொண்டு அமைப்புகள் பலவும் அதற்குள் வந்தன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்போ, முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணியும் சமூகப் பணியும் செய்யும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை அந்தப் பொருளிலிருந்து வெளியே வைத்துவிட்டது. மில் தொழிலாளிக்கு இருக்கும் வழி உங்களுக்கும் இருக்கும் என்று எண்ணாமல், பிரச்சினை முற்றுவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியல்ல. தொண்டு நிறுவனங்களைப் பெயர் சொல்லியே அது பணியிடத்தில் சேர்க்கிறது. சம்பளம் வாங்காத தன்னார்வலருக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், புகாரை விசாரிக்க நிறுவனத்துக்குள்ளேயே உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தாலும், புகார் நிறுவனத் தலைவர் மேலேயே என்றாலும், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இங்கே பெண்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று, அது காத்திருப்பது. ப்ராஜெக்ட் முடியட்டும், நிதியாளர்கள் வந்துபோகட்டும், ஐயாவின் மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போடுவார்கள். புகாரைச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால்தான் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கும். டிரஸ்ட் போர்டிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது புகார் ஆகாது. பல டிரஸ்டுகளில் போர்டு என்பது இயக்குநர், அவர் மனைவி, மைத்துனர். அந்த வீட்டுக் கூடத்தில் நியாயம் கிடைக்கும் என்று காத்திருக்கையில் நாட்கள் ஓடிவிடும்.

விடுதியில் ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானதாகத் தெரியவந்தால் யோசிக்கவே இடமில்லை. “பேர் கெட்டுடும்மா, நாமளே பேசித் தீத்துக்கலாம்” என்பார்கள். போக்ஸோ சட்டப்படி, தெரிந்தும் போலீசுக்குத் தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. மேலதிகாரியிடம் சொல்லிவிட்டதோடு உங்கள் கடமை தீர்ந்துவிடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் அழையுங்கள், ஆனால் காவல் நிலையத்துக்கு நீங்களே தகவல் கொடுங்கள். அலுவலக அரசியலுக்குப் பயந்து ஒரு குழந்தையைக் கைவிட்டால், அந்த வேலையில் நாம் இருந்ததற்கே பொருளில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. நிறுவனத்தின் அநியாயத்தை வெளியில் காட்டும் ஆத்திரத்தில் குழந்தைகளின் கேஸ் ஃபைலைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவது. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் குழந்தையோ, பராமரிப்பு தேவைப்படும் குழந்தையோ, அதன் அடையாளம் வெளியாகும்படி எதையும் வெளியிட்டால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள். உங்களை நம்பிப் பேசிய ஒரு பெண்ணின் வாழ்க்கை உங்கள் சண்டைக்கு ஆயுதம் ஆகலாமா? உங்களுக்கு நேர்ந்ததற்கு உங்களிடமே சான்று இருக்க வேண்டும். திட்டிய நாள், சொன்ன வார்த்தை, யார் அருகில் இருந்தார்கள் என்பதை வீட்டு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். வாயால் வந்த உத்தரவை, “நீங்கள் சொன்னபடி இதைச் செய்கிறேன்” என்று ஒரு வரி மின்னஞ்சலில் திருப்பி அனுப்புங்கள். பணமோசடியோ குழந்தைப் பாதுகாப்போ என்றால் நிதியாளர்களுக்கும் எழுதலாம்; பலர் அதற்கென்றே தனி முகவரி வைத்திருக்கிறார்கள். ஆனால் மேலதிகாரியோடு உள்ள மனக்கசப்பையும் அதே கடிதத்தில் கொட்டினால், மொத்தத்தையும் சொந்தப் பகை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவர்கள் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நமக்கு வேறு நிறுவனம் கிடைக்கும். அதே ஊரில் பிறந்து, பத்தாவதோடு நின்று, சுய உதவிக் குழு வழியாக அனிமேட்டராக, அதாவது ஊர் மக்களை ஒருங்கிணைக்கும் களப்பணியாளராக, வந்த அக்காவுக்கு வேறு போக்கிடம் இல்லை. மீட்டிங்கில் அவர் மேல் கத்தும்போது நாம் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறோம். “சார், இதை அவங்ககிட்ட தனியா பேசலாமே” என்று ஒருவர் சொன்னால் போதும், கத்துகிறவருக்குத் தயக்கம் வரும். சம்பள பாக்கி பற்றிய கடிதமும் ஏழு பேர் கையெழுத்தோடு போனால் ஒருவரைப் பழிவாங்குவது கடினம்.

விலகுவது என்று முடிவெடுத்தால் கோபத்தில் ஒரே நாளில் போகாதீர்கள். ராஜினாமாவை மின்னஞ்சலில் கொடுத்து, ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் எழுத்தில் கேளுங்கள். கையில் உள்ள ஒவ்வொரு கேஸையும் அடுத்தவரிடம் ஒப்படையுங்கள்: எந்தப் பெண்ணுக்கு எந்தத் தேதியில் நீதிமன்றம், எந்தக் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் எப்போது அழைத்துப் போக வேண்டும், யாருக்கு மாத்திரை தீரப்போகிறது. முடிந்தவரை அவர்களிடம் நேரிலேயே சொல்லுங்கள். ஒப்படைத்த பட்டியலில் பெயர்கள் வேண்டாம், கேஸ் எண்கள் மட்டும் இருக்கட்டும். வாங்கியவரின் கையெழுத்தோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு விசாரணைத் தேதி தவறிப்போனால், போனவர் மேல்தான் பழி வரும்.