சின்னக் காருக்குப் பனி டயர்: நான்கையும் மாற்றுங்கள்

சின்னக் கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும் பனி டயர் போட்டால் போதாதா?" போதவே போதாது. சின்னக் கார்களில் பெரும்பாலும் இன்ஜின் முன்சக்கரங்களைத்தான் சுழற்றுகிறது. அதனால் வண்டி அழகாகக் கிளம்பிவிடும், நமக்கும் தைரியம் வந்துவிடும். ஆனால் வளைவில் பிரேக் மிதித்தால் முன்பக்கம் தரையைப் பிடித்துக்கொள்ளும். எடை குறைந்த பின்பக்கமோ வழுக்கிப்போய் வண்டியையே திருப்பிவிடும். நான்கும் ஒரே ரகமாக இருக்கட்டும்.

பனி விழட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். பனி டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் கொண்ட முத்திரையைத் தேடுங்கள். வெறும் 'எம் + எஸ்' (சேறும் பனியும் என்பதன் சுருக்கம்) எழுத்தை நான் நம்புவதில்லை, அது சோதனையில் தேறியதற்கான அடையாளம் அல்ல.

அகலமான டயர்தான் நல்லது என்று நினைக்கிறோம். பனியில் அது தலைகீழ். குறுகலான டயர் பனியைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைத் தேடிப் போகும். 195/55 ஆர்16 (அகலம் 195 மில்லிமீட்டர், ரிம் 16 அங்குலம்) ஓடும் காருக்கு 185/65 ஆர்15 பெரும்பாலும் கச்சிதம், மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான். ஆனால் அந்த அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கிறதா, சின்ன ரிம் பிரேக்கில் உரசாதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தனி ரிம்மில் மாட்டி வைத்துக்கொண்டால் வருடாவருடம் வீட்டிலேயே மாற்றலாம்.

மாற்றும்போது சமதளமான, கெட்டியான தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி. சக்கரத்தைக் கழற்றியதும் ஹப்பை, அதாவது ரிம் பொருந்தும் நடுப்பகுதியை, பாருங்கள். அதில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால்தான் ரிம் ஒட்டி உட்காரும். டயரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால், வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் பக்கத்தை அது காட்ட வேண்டும். நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

குளிரில் காற்றழுத்தம் இறங்கும், வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ. டயர் சூடாகும் முன் அளந்து பாருங்கள். டயர் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால், சட்டம் அனுமதித்தாலும் பனிக்கு அது உதவாது.

குளிர் போனதும் கழற்றிவிடுங்கள், வெயிலில் சீக்கிரம் தேயும். எந்த டயர் எந்தப் பக்கம் ஓடியது என்று சாக்பீஸால் எழுதி, வெயில் படாத இடத்தில் அடுக்குங்கள்.