குருத்தோலையில சிலுவை மடிக்கலாம் வாங்க (முதல் தடவை செய்றவங்களுக்கு)

குருத்தோலை ஞாயிறு (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு) அன்னிக்கு கோயில்ல, அதாவது சர்ச்சுல, மந்திரிச்சு குடுக்குற ஓலைய பவனி முடிஞ்சதும் வீட்டுக்கு கொண்டு வந்து, என்ன பண்றதுன்னு தெரியாம ஃபிரிட்ஜ் மேல போட்டு வைக்கிறவங்க நிறைய பேரு, அவங்களுக்குத்தான் இந்த போஸ்ட். ஓலைய தவிர ஒரு கத்திரிக்கோல் போதும். பசை, நூல், பின் எதுவும் வேண்டாம்.

இயேசு எருசலேமுக்குள்ள நுழைஞ்சப்போ மக்கள் வரவேற்றத பைபிள்ல இருக்குற நாலு நற்செய்தியும் சொல்லுது, ஆனா ஓலைன்னு பேர் சொல்லி எழுதினது யோவான் மட்டும்தான் (12:13), லூக்கா துணி விரிச்சத மட்டும் சொல்லிட்டு போயிடுறார். அங்க இருந்தது பேரீச்ச ஓலை, நமக்கு தென்னை, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் பனையும் உண்டு. ரஷ்யா, உக்ரைன்ல அந்த குளிர்ல ஓலைக்கு எங்க போக, வில்லோ மரத்து கிளைய புடிச்சுட்டு வர்றாங்க. அதனால எந்த ஓலை கிடைச்சாலும் சரி, ஒடையாம மடிஞ்சா போதும்.

ஒண்ணு மட்டும், ஓலைக்காக நீங்களா போய் மரத்துல குருத்த வெட்டாதீங்க. தென்னைக்கும் பனைக்கும் வளர்றதுக்கு உச்சியில ஒரே ஒரு முனைதான், அதுல வெட்டு விழுந்தா மரமே போச்சு. மரம் ஏறுறவங்களுக்கு எவ்வளவு எடுக்கலாம்னு தெரியும், அவங்க கிட்ட விட்டுடுங்க.

ஸ்டெப் 1: அன்னிக்கே மடிச்சிடுங்க. முடியலன்னா ஈரத்துணியில சுத்தி வைங்க, காஞ்ச ஓலை மடிப்புல பட்டுனு விட்டுடும்.

ஸ்டெப் 2: நடுவுல இருக்குற ஈர்க்க உருவிடுங்க, ரெண்டு பட்டை கிடைக்கும். ரெண்டையும் சுமார் 1 செ.மீ அகலத்துக்கு ஒரே சீரா கிழிச்சுக்கோங்க. ஒண்ணு 30 செ.மீ நீளம், இன்னொண்ணு 40 செ.மீ.

ஸ்டெப் 3: 30 செ.மீ பட்டைய சரிபாதியா மடிங்க. மடிப்பு மேல, வெட்டின முனைங்க கீழ. இதுதான் நேர்க்கட்டை, மேல இருக்குற வளையம் அப்புறமா ஆணியில மாட்ட உதவும், அதனால அதை நசுக்கிடாதீங்க.

ஸ்டெப் 4: இது கொஞ்சம் பொறுமையா. நீள பட்டைய நேர்க்கட்டைக்கு பின்னாடி குறுக்கா வைங்க, மேல இருந்து 5 செ.மீ கீழ. இடது பக்கம் 4 செ.மீ மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கட்டும், மீதி எல்லாம் வலது பக்கம். வலது பக்கம் 4 செ.மீ விட்டு மடிச்சு, முன்பக்கமா இடது நுனி வரைக்கும் கொண்டு வாங்க, அங்க மறுபடி மடிச்சு பின்பக்கமா நடுவுக்கு கொண்டு வாங்க. இப்ப ரெண்டு கையும் வந்துடுச்சு, ஆனா ஆடும், அது பரவால்ல.

ஸ்டெப் 5: கட்டு போடுறது. பின்னாடி நடுவுல இருக்குற வாலை வலது மேல் மூலையில வெளிய எடுத்து, முன்பக்கம் சாய்வா இடது கீழ் மூலைக்கு இறக்குங்க. பின்னாடி போய் இடது மேல் மூலையில எடுத்து, வலது கீழ் மூலைக்கு இறக்குங்க. முன்னாடி ஒரு பெருக்கல் குறி தெரியணும். மீதி வாலை பின்னாடி இருக்குற மடிப்புக்குள்ள சொருகி இறுக்கி, நீட்டுறத நறுக்கிடுங்க. நல்லா இறுக்குங்க, ஓலை காயும்போது சுருங்கும், அப்ப கட்டு தானா லூஸ் ஆகிடும்.

ஸ்டெப் 6: ஒரு கனமான புக்குக்கு அடியில நிழல்லயே காய வைங்க. வெயில்ல வச்சா முறுக்கிக்கும்.

பசங்களுக்கும் ஆளுக்கு ஒரு பட்டை குடுத்துடுங்க, இல்லன்னா அத வாளாக்கி சண்டை ஆரம்பிச்சிடும், கோயில்லயும் அதானே நடக்குது. அதுக்காக ஓலை தராம இருக்காதீங்க. 4ஆம் நூற்றாண்டு கடைசியில எருசலேம் போன எஜேரியான்னு ஒரு யாத்ரீக பெண்மணி எழுதி வச்சிருக்காங்க, நடக்க முடியாத குழந்தைங்கள பெத்தவங்க தோள்ல தூக்கிட்டு வந்தாங்களாம், அதுங்க கையிலயும் பேரீச்ச, ஒலிவ கிளைங்க இருந்துச்சாம்.

செஞ்ச சிலுவைய பாடுபட்ட சுரூபத்துக்கு (சிலுவையில தொங்குற இயேசு உருவம்) பின்னாடி சொருகலாம், வாசல் நிலைக்கு மேல மாட்டலாம். கேரளாவுல பெரிய வியாழன் (புனித வெள்ளிக்கு முந்தின நாள்) ராத்திரி வீட்டுல பண்ற புளிக்காத பெசஹா அப்பத்து மேலயே குருத்தோலை சிலுவைய வைப்பாங்க. வார்னிஷ் அடிச்சு ஃபிரேம் போடலாமான்னு கேப்பீங்க, எனக்கு அது பிடிக்கல. பச்சையா வந்தது மஞ்சளாகி பழுப்பாகி வருஷம் முழுக்க கண்ணு முன்னாடி காயுறதுதான் அதோட அழகே, ஏன்னா அது போய் சேர வேண்டிய இடம், ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம் தொடங்குற விபூதிப் புதன். நெத்தியில பூசுற சாம்பல் போன வருஷத்து ஓலைய எரிச்சு எடுக்குறதுதான், வார்னிஷ் அடிச்சத எப்படி அதுக்கு குடுப்பீங்க?

தவக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடி பழைய ஓலைய கொண்டு வந்து குடுக்க சொல்லி கோயில்ல அறிவிப்பு வரும், கவனிச்சுக்கோங்க. விட்டுப்போச்சுன்னா மந்திரிச்சத குப்பையில போடக்கூடாது, வீட்டுலயே எரிச்சு சாம்பல செடிக்கடியில போடலாம், இல்ல அப்படியே மண்ணுல புதைக்கலாம். கோயிலுக்கு குடுக்குறதா இருந்தா பேப்பர் கவர்ல போட்டு குடுங்க, தொட்டாலே நொறுங்குற பக்குவத்துல இருக்கும். பிளாஸ்டிக் பூ, ரிப்பன் ஏதாவது ஒட்டியிருந்தா அத மொதல்ல பிரிச்சிடுங்க, எரிக்குற உபதேசியார் (கோயில் வேலைகள பாத்துக்குறவர்) பாவம்.