கவிழ்ந்த கயாக்கில் இருந்து நீரை வடிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பக்கம் பரவைக்கடலில் புதியவர்களுக்குக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு பழக்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேலே அமர்ந்து ஓட்டும் படகுக்கு இது தேவையில்லை, துளைகள் வழியே நீர் தானாக வடிந்துவிடும். நான் சொல்வது உள்ளே கால் நீட்டி அமரும் படகு.

முதலில் ஆள், பிறகுதான் படகு. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பதில் வரவேண்டும். படகை விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். சோளகக் காற்று அடித்தால் வெறும் படகு நீந்துபவரை விட வேகமாகப் போய்விடும். துடுப்பை வாங்கி வையுங்கள்.

அப்புறம் கவிழ்ந்த படகின் அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, உங்கள் படகைக் குறுக்கே கொண்டுவாருங்கள். விழுந்தவரைப் பின்முனைக்கு அனுப்பி அழுத்தச் சொல்பவர்கள் உண்டு. பயந்துபோன புதியவரை அங்கே அனுப்ப எனக்கு விருப்பமில்லை. அவர் என் படகைப் பிடித்தபடி கண்முன்னே இருக்கட்டும்.

பலர் திணறுவது தூக்கும்போதுதான். அமரும் குழியின் வாய் நீருக்குள் இருக்கும். நேராகத் தூக்கினால் காற்றுப் புக வழியில்லை, நீர் படகை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். எந்தப் பலசாலியாலும் சுலபமாக அசைக்க முடியாது. அதனால் முதலில் படகைச் சற்றுச் சரித்து ஒரு விளிம்பை மட்டும் உயர்த்துங்கள். காற்று நுழையும் சத்தம் கேட்டதும் அணியத்தை உங்கள் படகின் மேல்தட்டில் இழுத்து ஏற்றுங்கள். 50 லிற்றர் நீர் நின்றால் ஒரு சீமெந்து மூட்டையின் எடை. ஆகவே அவசரப்படாமல், வடிய வடிய இழுங்கள்.

வடிந்ததும் நிமிர்த்தி நீரில் இறக்குங்கள். இரண்டு படகையும் எதிரெதிர் முகமாக அணைத்து, குழியின் விளிம்பில் உங்கள் உடல் பாரம் முழுவதையும் போட்டுப் பிடியுங்கள். அவர் கால்களை உதைத்துப் பின்தட்டில் குப்புற ஏறி, காலை உள்ளே விட்டுத் திரும்பி அமரட்டும். மிச்ச நீரை அள்ளக் கைப்பம்பை விட, அடி அறுத்த பிளாஸ்டிக் கானே எனக்குப் பிடித்தது. அதைக் கயிற்றால் படகோடு கட்டி வையுங்கள்.

இடுப்பளவு நீர் என்றால் இறங்கி நின்றே வடிக்கலாம். ஆனால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், சேற்றில் திருக்கை கிடக்கும்.

பின்சேர்க்கை: அணியத்தைத் தூக்கியும் நீர் போகவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். உள்ளே தடுப்புச் சுவர் இல்லாத பழைய படகில் நீர் பின்முனைக்கு ஓடித் தேங்கும். இரு முனைகளிலும் காற்றுப்பை அடைத்துக் கட்டுங்கள். அதுவரை அந்தப் படகைக் கரையோரமாகவே ஓட்டுங்கள்.